உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியரின் கடமைகள்

உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் என்பவர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6 ஆம் வகுப்பு முதல் 10 ஆம் வகுப்பு வரை இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பிரிவுகள் அடங்கிய அறிவியல் பாடத்தைக் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் ஆவார். பாடம் நடத்துதல், சோதனைகளைச் செய்து காட்டுதல், ஆய்வகத்தைப் பராமரித்தல், மாணவர்களைச் செய்முறையில் ஈடுபடுத்துதல், அவர்களின் கற்றலை மதிப்பிடுதல், அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல் ஆகியன இவருடைய முதன்மைக் கடமைகள்.

10 ஆம் வகுப்பு வரை அறிவியல் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமாகும். 11 ஆம் வகுப்பில் வணிகவியல் அல்லது கலைப் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர்களும், 10 ஆம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொள்பவர்களும் அதன் பிறகு அறிவியலைப் பாடமாகப் படிப்பதில்லை. ஒரு கூற்றைச் சோதித்துப் பார்த்து ஏற்பது எப்படி என்பதை அவர்கள் முறையாகக் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் கடைசி இடம் உயர்நிலைப் பள்ளி வகுப்பறையே. எனவே இந்த ஆசிரியரின் கடமை, மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவுக்குச் செல்வோரை ஆயத்தப்படுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை.

தகுதியும் பணி நிலையும்

இப்பணிக்கு அறிவியல் பாடம் ஒன்றில் இளநிலைப் பட்டமும் கல்வியியல் இளையர் (பி.எட்.) பட்டமும் தேவை. 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டதாக உள்ளது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் ஆசிரியர் தகுதித் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2012 இல் இத்தேர்வை முதன்முதலாக நடத்தியது. 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குக் கற்பிப்போர் இதன் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற வேண்டும். 11, 12 ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்கள் தனித்தனிப் பாடங்களை நடத்துகின்றனர்.

பட்டப்படிப்பில் ஆசிரியர் படித்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளியில் அவர் எல்லாப் பிரிவுகளையும் நடத்த வேண்டியுள்ளது. 2019–20 இல் நடைமுறைக்கு வந்த 10 ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 23 அலகுகள் உள்ளன. இயக்க விதிகளில் தொடங்கி, அணுக்கரு இயற்பியல், கார்பன் சேர்மங்கள், மரபியல், சுற்றுச்சூழல் மேலாண்மை எனப் பல துறைகளை அவை தொடுகின்றன. தாவரவியல் படித்த ஆசிரியர் மின்னோட்டவியலையும், இயற்பியல் படித்த ஆசிரியர் ஹார்மோன்களையும் தாமே மீண்டும் கற்று வகுப்புக்கு வர வேண்டும். தமக்குப் பழக்கமான பிரிவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி, பழக்கமில்லாத பிரிவை மாணவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று விடுவது இப்பணியில் எளிதில் நேரக்கூடிய குறை.

சட்டம் வகுத்துள்ள பொதுக் கடமைகள்

2009 ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரையறுக்கிறது. ஒழுங்காகவும் நேரத்துக்கும் பள்ளிக்கு வருதல், பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் நடத்தி முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படுவோருக்குக் கூடுதல் பயிற்சி அளித்தல், பெற்றோரைச் சந்தித்து வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவித்தல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்றல் நிகழ வேண்டும் என்று 29 ஆவது பிரிவு கூறுகிறது. அறிவியல் ஆசிரியர் பாடத்தை வாசித்து விளக்குவதோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே சட்ட அடிப்படை.

17 ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 28 ஆவது பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்பது 27 ஆவது பிரிவு. இச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஆயினும் 9, 10 ஆம் வகுப்புகளிலும் ஆசிரியர்கள் பின்பற்றத்தக்க நெறிகளே இவை.

கற்பித்தலுக்கு முன்

கல்வியாண்டு ஜூன் மாதம் தொடங்கும்போது பாடப்பகுதிகளை மாதவாரியாகப் பிரித்து ஆண்டுத் திட்டம் தயாரிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக்குறிப்பு எழுதப்படுகிறது. கற்றல் விளைவுகள், மாணவர் முன்பே அறிந்தவை, துணைக்கருவிகள், செயல்பாடுகள், மதிப்பீட்டு வினாக்கள் ஆகியன அதில் அடங்கும்.

அறிவியலில் திட்டமிடல் என்பது பொருள்களையும் காலத்தையும் சேர்த்தே திட்டமிடுவதாகும். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்று காட்டத் தொட்டிச் செடியை ஒன்றிரண்டு நாள்களுக்கு முன்பே இருட்டில் வைக்க வேண்டும். முளைகட்டிய பயறு காட்டுவதற்கு முந்தைய நாளே விதை ஊற வேண்டும். ரொட்டிக் காளான் வளரச் சில நாள்கள் ஆகும். நிலைமின் சோதனைகள் மழைக்கால ஈரக் காற்றில் சரியாக வராது. வறண்ட நாளில் அவற்றை வைத்துக்கொள்வது நல்லது. எந்தச் சோதனையையும் வகுப்புக்கு முன் ஒரு முறை தாமே செய்து பார்ப்பது ஆசிரியரின் கடமை. பழைய வேதிப்பொருள், தீர்ந்துபோன மின்கலம், அடைத்துக்கொண்ட பிப்பெட் ஆகியவை அப்போதுதான் தெரியவரும்.

வகுப்பறையில்

அறிவியல் வகுப்பில் ஆசிரியர் கவனிக்க வேண்டியவற்றுள் மூன்று முக்கியமானவை: மாணவரின் முன்கருத்துகள், சோதனையின் விளக்கம், கலைச்சொற்கள்.

மாணவர்கள் உலகைப் பற்றிச் சில கருத்துகளோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். கனமான பொருள் எப்போதும் வேகமாக விழும், தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கும், மின்விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை வருகிறது என்பன அவற்றுள் சில. சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதால் இவை மறைவதில்லை. மாணவர் தேர்வில் ஒன்றை எழுதிவிட்டு மனத்தில் மற்றொன்றை வைத்திருப்பார். அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேட்டு, அந்த எண்ணத்தோடு மோதும் ஒரு சான்றை முன்வைக்க வேண்டும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில் செல்வது ஜூலைத் தொடக்கத்தில். தமிழ்நாட்டில் ஜனவரி குளிர்ச்சியான மாதம். இந்த ஒரு செய்தியைச் சொல்லி, 'அப்படியானால் கோடைக்கு வேறு காரணம் என்ன?' என்று கேட்டால், பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிக் கேட்க மாணவர்கள் ஆயத்தமாகிவிடுவார்கள்.

இரண்டாவது, சோதனையைச் சரியாக விளக்குவது. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்ததால் அந்த இடத்தை நீர் நிரப்பியது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கூர்ந்து பார்த்தால் நீரின் பெரும்பகுதி சுடர் அணைந்த பிறகே விரைந்து ஏறுவது தெரியும். குவளையைக் கவிழ்க்கும்போது சுடரின் வெப்பத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கிறது. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது. நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுவே. ஒரே குவளைக்குள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். குவளையில் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறாதபோது நீர்மட்டம் ஏன் மாறியது என்ற கேள்வி, பழைய விளக்கம் போதாது என்பதை மாணவருக்கே காட்டிவிடும். வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கத்தையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை ஏற்படுத்தித் தருவது அறிவியல் ஆசிரியரின் தனிப்பட்ட கடமை.

மூன்றாவது, சொற்கள். அன்றாடத் தமிழில் ஒரு பொருளும் அறிவியலில் வேறொரு பொருளும் தரும் சொற்கள் பல உள்ளன. கடையில் 'எடை' என்பது கிலோகிராமில் சொல்லப்படுகிறது. இயற்பியலில் கிலோகிராமில் அளக்கப்படுவது நிறை, எடையின் அலகு நியூட்டன். சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் களைத்துப்போவார். ஆனால் சுமை இடம்பெயராததால் அதன்மீது வேலை நடைபெறவில்லை என்று இயற்பியல் சொல்லும். சமையலறையில் உப்பு என்றால் ஒரே பொருள். வேதியியலில் மயில்துத்தமும் நவச்சாரமும்கூட உப்புகளே. பேச்சு வழக்கில் 'சக்தி' என்ற ஒரு சொல்லே விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றுக்கும் வழங்குகிறது. இந்த வேறுபாடுகளை எடுத்துச் சொல்லாவிட்டால் மாணவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்வாரே தவிர, கணக்கில் எதை எங்கே பயன்படுத்துவது என்று அறியமாட்டார். தமிழ்வழியில் படித்துப் பின்னர் ஆங்கிலவழிக்கு மாறக்கூடிய மாணவர்களுக்கு இரு மொழிக் கலைச்சொற்களையும் இணைத்துச் சொல்வது உதவும்.

ஆய்வகப் பொறுப்பு

அறிவியல் ஆசிரியரை மற்றப் பாட ஆசிரியர்களிடமிருந்து வேறுபடுத்துவது ஆய்வகம். கருவிகளும் வேதிப்பொருள்களும் இருப்புப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். உடைந்தவை, தீர்ந்தவை ஆகியவற்றுக்கும் கணக்கு வேண்டும். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளிகளில் புட்டிகளைக் கழுவுவது முதல் பதிவேடு எழுதுவது வரை எல்லாம் ஆசிரியரையே சேரும்.

பாதுகாப்பு இப்பொறுப்பின் தலையாய பகுதி. ஆசிரியர் உறுதி செய்ய வேண்டியவை:

ஒவ்வொரு புட்டியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு உதிர்ந்த புட்டியில் உள்ளதை ஊகித்துப் பயன்படுத்தக் கூடாது.

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் வெப்பத்தால் கொதித்துத் தெறிக்கும். அடர் அமிலங்களை மாணவர் கையில் தருவதைத் தவிர்க்க வேண்டும்.

சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள்ளும் வெண்பாஸ்பரசை நீருக்குள்ளும் வைத்திருக்க வேண்டும். எஞ்சிய சோடியத் துண்டைக் கழுவுதொட்டியில் போடக் கூடாது.

இலையிலிருந்து பச்சையத்தை நீக்க ஆல்கஹாலைச் சூடாக்கும்போது நேரடிச் சுடரைப் பயன்படுத்தாமல் நீர்த்தொட்டி முறையில், அதாவது சுடுநீர் உள்ள முகவைக்குள் சோதனைக்குழாயை வைத்துச் சூடாக்க வேண்டும். ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும்.

சாராய விளக்கை மற்றொரு விளக்கின் சுடரில் சாய்த்து ஏற்றக் கூடாது; ஊதி அணைக்காமல் மூடியிட்டு அணைக்க வேண்டும்.

சூடாக்கும் சோதனைக்குழாயின் வாய் யார் முகத்தையும் நோக்கி இருக்கக் கூடாது. வாயுவை நேராக முகராமல், கையால் விசிறிச் சிறிதளவு முகர வேண்டும். பின்னலையும் துப்பட்டாவையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

மணல் வாளி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, ஓடும் நீர் ஆகியவை அணுகும் தொலைவில் இருக்க வேண்டும். அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் காட்ட வேண்டும். பற்பசை, மை போன்றவற்றைப் பூசக் கூடாது.

ஆபத்து உண்டு என்பதற்காக ஆய்வகத்தைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. விதிகளைக் கற்றுக்கொடுத்துச் செய்ய விடுவதே ஆசிரியரின் பொறுப்பு.

வசதி குறைந்த பள்ளிகளிலும் பல சோதனைகளைச் செய்ய முடியும். மஞ்சள் தேய்த்த தாள் சோப்பு நீரிலும் சுண்ணாம்பு நீரிலும் சிவக்கும். செம்பருத்தி இதழ்ச் சாறு அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறும். சன்னலுக்கு வெளியே தொலைவில் உள்ள மரத்தின் பிம்பத்தைக் குவிலென்சால் சுவரில் விழச்செய்து அதன் குவியத் தொலைவை ஏறத்தாழக் கண்டுவிடலாம். மீட்டர் அளவுகோல், நூல், தெரிந்த எடை ஆகியவை இருந்தால் திருப்புத்திறன் தத்துவப்படி தெரியாத எடையைக் கணக்கிடலாம்.

செய்முறையும் மதிப்பீடும்

10 ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்களில் 75 எழுத்துத் தேர்வுக்கும் 25 செய்முறைக்கும் உரியவை. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 20, செய்முறையில் 15 என மொத்தம் 35 மதிப்பெண் தேவை. குவிலென்சின் குவியத் தொலைவு, மின்தடை எண், உப்பு கரையும்போது ஏற்படும் வெப்பமாற்றம், படிக நீர், மலரின் பாகங்கள், மெண்டலின் ஒருபண்புக் கலப்பு போன்றவை செய்முறைப் பகுதியில் இடம்பெறுகின்றன.

இந்த 25 மதிப்பெண்ணைச் சுற்றியே ஆசிரியரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. செய்முறைத் தேர்வு நெருங்கும் நாள்களில் ஒரே பதிவேட்டைப் பார்த்து வகுப்பு முழுவதும் எழுதுவதும், கருவியைத் தொடாதவருக்கும் முழு மதிப்பெண் வழங்குவதும் மாணவருக்குச் செய்யும் உதவி என்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் அது, செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதலாம் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதே மாணவர் 11 ஆம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேரும்போது, வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் இணைக்கத் தெரியாமல் நிற்பார்.

மாணவர் எடுத்த அளவீடு பாடநூல் மதிப்போடு ஒத்துவராதபோது, அதை அழித்துச் 'சரியான' எண்ணை எழுதச் சொல்லக் கூடாது. இணைப்பு தளர்வாக இருந்ததா, அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தாரா, கம்பி சூடேறியதா என்று கேட்டு மீண்டும் அளக்கச் செய்ய வேண்டும். பிழையின் காரணத்தைத் தேடுவதும் செய்முறைப் பாடத்தின் ஒரு பகுதியே.

எழுத்துத் தேர்வு வினாக்களிலும் இந்த நோக்கு வேண்டும். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்ற வினா நினைவாற்றலைச் சோதிக்கும். 'இரண்டு நாள் அலமாரிக்குள் இருந்த செடியின் இலையை அயோடின் கொண்டு சோதித்தால் என்ன நிகழும்? ஏன்?' என்ற வினா புரிதலைச் சோதிக்கும். திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதோடு, பலரும் செய்த பிழையைத் தொகுத்து வகுப்பில் விளக்குவதும், மெல்லக் கற்போருக்குக் குறைதீர் கற்பித்தல் நடத்துவதும் மதிப்பீட்டின் பகுதிகளாகும்.

வகுப்பறைக்கு வெளியே

பள்ளி அறிவியல் மன்றம், கண்காட்சி, களப்பயணம் ஆகியவற்றை நடத்துவது பெரும்பாலும் அறிவியல் ஆசிரியரின் பொறுப்பு. இராமன் விளைவு 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்டதன் நினைவாக அந்நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர்கள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆய்ந்து கட்டுரை அளிக்கலாம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 8 ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வில் அறிவியல் வினாக்களும் உண்டு. அதில் தேர்வாகும் எளிய குடும்பத்து மாணவருக்கு 12 ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றைப் பற்றி வீட்டில் யாரும் அறியாத மாணவருக்கு உரிய காலத்தில் தெரிவித்து விண்ணப்பிக்கச் செய்பவர் ஆசிரியரே. போட்டிக்கான மாதிரியை ஆசிரியரோ கடைக்காரரோ செய்து தருவது இத்திட்டங்களின் நோக்கத்துக்கு மாறானது.

அறிவியல் மனப்பான்மை

1976 இல் 42 ஆவது திருத்தத்தின் மூலம் இந்திய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனித நேயத்தையும் வினவும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. இக்கடமையை வகுப்பறைக்குள் கொண்டுவரும் பொறுப்பு அறிவியல் ஆசிரியருக்குக் கூடுதலாக உண்டு.

2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. இத்தகைய நாளில் வெளியே வரக் கூடாது, உண்ணக் கூடாது என்ற நம்பிக்கைகள் பல வீடுகளில் உள்ளன. சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது எந்நாளும் கண்ணுக்குத் தீங்கு என்பதை விளக்கி, ஊசித்துளை வழியே அட்டையில் பிம்பத்தை விழச்செய்து காட்டலாம். தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஏப்ரலில் ஒரு நாளும், ஆகஸ்டு பிற்பாதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான காலத்தில் ஒரு நாளும், நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. விளையாட்டுத் திடலில் ஒரு குச்சியை நட்டால் போதும், செலவு ஏதுமில்லை.

வீட்டாரின் நம்பிக்கையை வகுப்பில் கேலி செய்வதால் மாணவர் ஆசிரியரிடமிருந்து விலகுவார். 'அதை எப்படிச் சோதிக்கலாம்?' என்று கேட்பதே பயன் தரும். மாணவரின் கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்லி, தேடிப் பார்த்து மறுநாள் சொல்வதும் இதே மனப்பான்மையைச் சார்ந்தது.

இடர்ப்பாடுகள்

பாடப்பகுதியின் பரப்பு, தேர்ச்சி விழுக்காடு பற்றிய நெருக்கடி, இணையவழிப் பதிவேற்றம் உள்ளிட்ட அலுவல்கள், மாணவர் எண்ணிக்கைக்குப் போதாத கருவிகள் ஆகியவை இக்கடமைகளை நிறைவேற்றுவதில் உள்ள தடைகள். நேரம் குறையும்போது முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் செய்முறை வகுப்புதான். எல்லாச் சோதனைகளையும் செய்ய இயலாதபோது, ஒவ்வோர் அலகிலும் ஒரு சோதனையையாவது மாணவர் தம் கையால் செய்யுமாறு திட்டமிடுவது நடைமுறைக்கு ஏற்றது. நீலநிற மயில்துத்தத்தைச் சூடாக்கி வெண்மையாகும்வரை பார்த்து, ஆறவிட்டு, ஒரு சொட்டு நீர் விட்டதும் நீலம் திரும்புவதைக் கண்ட மாணவருக்குப் படிக நீர் என்பது பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய சொல்லாக இருப்பதில்லை. இதற்கு ஒரு பாடவேளையே போதுமானது.